கூரையின் சரிவு

அந்தக் காரை நான் முதன்முதலில் பார்த்தது விழித்திருந்தபோதா, அரைத் தூக்கத்திலா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற சாலை. மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். பனி இறங்கியிருந்ததால் சாலையோரத்து மரங்கள் பாதிதான் தெரிந்தன. எதிரே ஒரு வண்டி வந்தது. உடம்பு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகச் சுழிசுழியாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். கதவு எங்கே முடிகிறது, கண்ணாடி எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. சத்தமே போடாமல் என்னைக் கடந்து பனிக்குள் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட வண்டிகள் புதிதல்ல. சுற்றிலும் கார் ஆலைகள். இன்னும் விற்பனைக்கு வராத மாடல்களை யாருக்கும் வடிவம் தெரியாதபடி மூடி, எங்கள் சாலைகளில்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். இளநீர் வெட்டுகிறவர்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார். ஆனால் நான் என் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். சக்கரங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியும், முன்பக்கம் கொஞ்சம் குனிந்திருந்த மாதிரியான அந்த நிற்பும் எனக்கு அவ்வளவு பழக்கம். போனது என் கார். என் காரின் அடுத்த தலைமுறை.

நான் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீடு முடிச்சூரில், முதல் மாடி. மனைவி, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், பிறகு பதினோரு வருஷமாக ஒரு சாம்பல் நிறக் கார். எந்தக் கம்பெனி, என்ன மாடல் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என் கட்சிக்கும் பாதிப் பேர் எதிர்க்கட்சிக்கும் போய்விடுவார்கள், நான் சொல்லவந்த விஷயம் நடுவில் காணாமல் போகும்.

அந்தக் காரின் அழகெல்லாம் கூரையில் இருந்தது. முன்கண்ணாடிக்கு மேல் எழும்பி, ஓட்டுகிறவன் தலைக்கு நேரே உச்சியைத் தொட்டு, அங்கிருந்து டிக்கி வரைக்கும் ஒரே இழுப்பில் சரிந்து இறங்கும். கோலம் போடத் தெரிந்த கை நடுவில் நிறுத்தாமல் இழுத்த கோடு மாதிரி இருக்கும். பரவளையம் நடத்தும்போது கரும்பலகையில் நான் வரைகிற வளைவு தானாகவே அந்தக் கூரையாக மாறிவிடும். "சார், வீல் போடுங்க சார்" என்று பின்பெஞ்சிலிருந்து குரல் வரும். ஒருநாள் நிஜமாகவே போட்டுவிட்டேன்.

வெள்ளம் வந்த வருஷம், தெருவில் தண்ணீர் ஏறும் என்று யாரோ சொன்ன உடனேயே காரைக் கொண்டுபோய்த் தாம்பரம் மேம்பாலத்தின் மேல் நிறுத்திவிட்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வீடு திரும்பியவன் நான். எங்கள் தெருவில் அந்த வெள்ளத்துக்குப் பிறகும் சாவியைத் திருப்பின உடனேயே ஸ்டார்ட் ஆனது என் வண்டி ஒன்றுதான். அதைப் பல பேரிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

என்னை மாதிரியே அந்த மாடலின் மேல் பைத்தியமாக இருக்கிறவர்கள் ஒரு அறுபது பேர் சேர்ந்து வாட்ஸப் குழு வைத்திருந்தோம். ஞாயிறு காலையில் மாம்பாக்கம் பக்கத்து டீக்கடையில் கூடுவோம். பத்துப் பதினைந்து வண்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி நடப்போம். ஒவ்வொருவரும் மற்றவர் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடி ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்ப்போம். பேச்சு கியரில் தொடங்கி சஸ்பென்ஷனில் முடியும். எட்டரை மணி ஆராதனைக்குள் நான் வீடு திரும்ப வேண்டும் என்பதால் எனக்கு மட்டும் கடைசி டீ கிடைக்காது. பாஸ்டர் பிரசங்கம் பண்ணும்போது என் கண் திறந்திருக்கும், உள்ளே மாம்பாக்கம் வளைவில் திரும்பிக்கொண்டிருப்பேன். ஆண்டவர் மன்னிப்பார்.

குழுவில் எனக்கு நெருக்கமானவர் கோவளத்து நண்பர். படகுக்காரர் குடும்பம். விடியற்காலையில் மீனை ஏலம் எடுத்து ஹோட்டல்களுக்குப் போடுகிறார். என்னைவிடச் சின்னவர், என்னை வாய் நிறைய சார் என்பார். பனிக்குள் போன வண்டியைப் பற்றி முதலில் அவரிடம்தான் சொன்னேன்.

"மெய்யாலுமா சார்? எப்டி கீது?"

"தெரியல. மூடிக்கிட்டு இருக்கு."

"மூஞ்சியாவது பாத்தீங்களா?"

"எதுவுமே பார்க்கல. ஆனா பார்த்தேன்."

அவருக்குப் புரிந்தது. எங்களுக்குள் இதெல்லாம் புரியும்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நாங்கள் கனவிலேயே வாழ்ந்தோம். யாராவது எங்கேயாவது ஒரு மங்கல் படம் எடுத்துப் போடுவார்கள். பெட்ரோல் பங்கில் பின்பக்கம், டோல்கேட்டில் பாதி முகம். அதைப் பெரிதாக்கி, வெளிச்சமாக்கி, கோடு போட்டு ஆராய்வோம். அப்படிப் பார்க்கப் பார்க்க ஒரு சந்தேகம் வந்தது. கூரை சரியவில்லை. பின் இருக்கை வரைக்கும் உயரமாகவே போய், பிறகுதான் சட்டென்று இறங்கியது. பின்சீட்டுக்கு ஏறுகிற பின்கதவும் பெரிதாக, நிமிர்ந்து நின்றது. இரண்டு வாரம் நான் அதை நம்பவில்லை. ஸ்டிக்கருக்கு அடியில் ஏமாற்றுவதற்காக ஏதாவது வைத்து உயர்த்தியிருப்பார்கள் என்று குழுவில் எழுதினேன். நாற்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் இன்ஜினியர். கேளம்பாக்கத்தைத் தாண்டி ஒரு அலுவலகத்தில் வேலை. பல கம்பெனிகளுக்கு வண்டிப் பாகங்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுக்கிற இடம். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் சாயந்திரம் ஏழுக்குத்தான் இறங்குவாள். மூன்று வருஷத்துக்கு முன் புது வேலை வந்திருப்பதாகச் சொன்னபோது நான் துள்ளி எழுந்து, "என்ன வண்டி?" என்று கேட்டேன்.

"டிராக்டர்" என்றாள்.

"டிராக்டர்ல என்ன?"

"கேபின் கதவு. வெளிநாட்டுக்கு."

உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று வருஷம் நான் அவள் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆராதனை முடிந்து யாராவது விசாரித்தால், "எங்க வீட்டம்மா டிராக்டருக்குக் கதவு மாட்டிக்கிட்டு இருக்காங்க" என்று நானே சொல்லிச் சிரிப்பேன். அவளும் பக்கத்தில் நின்று சிரிப்பாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கீழே காரின் பின்கதவைத் திறந்துவைத்து அவள் இஞ்ச் டேப்பால் எதையோ அளந்துகொண்டிருந்தாள். மேல் சட்டத்திலிருந்து சீட் வரை, சீட்டிலிருந்து தரை வரை. பிறகு ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். ஐந்தாறு தடவை. நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "கர்ட்டன் எல்லாம் போடாதே, வண்டி அழகு கெட்டுடும்" என்று கத்தினேன். "சரிங்க" என்றாள். செருப்போடு ஏறிக் கால்மிதியை அழுக்காக்குகிறாள் என்றுகூட ஒரு வார்த்தை சொன்னேன்.

இன்னொரு தடவை எல்லோருமாகக் கோவளத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். கேளம்பாக்கத்தில் மீன் போட்டுவிட்டு நின்ற நண்பரை வழியில் ஏற்றிக்கொண்டு, அவர் முன்னால், மனைவியும் மகளும் பின்னால். அப்போது அந்தச் சுழி வண்டி முன்னே போனது. விடுவேனா? துரத்தினேன். அது ஒரு டீக்கடையில் நின்றது. ஓட்டுநர் இறங்கி டீ சொன்னார். நானும் நண்பரும் பாய்ந்து இறங்கிப் படம் எடுத்தோம். திரும்பி வந்து பார்த்தால் என் மனைவி துப்பட்டாவைத் தலையோடு இழுத்து முகத்தை மூடிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன ஆச்சு?"

"தலை வலிக்குது. கிளம்புங்களேன்."

"அம்மாவுக்கு உங்களைப் பார்த்தா வெட்கமா இருக்குப்பா" என்றாள் மகள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த ஓட்டுநர் தினமும் இவளுக்கு வணக்கம் சொல்கிறவர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இந்த வருஷம் ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் கார் வெளியானது. நேரடி ஒளிபரப்பை டிவியில் போட்டுவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மனைவி அன்றைக்குச் சீக்கிரமே வந்திருந்தாள். தரையில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். புகையும் விளக்குமாக மேடை. துணியை இழுத்தார்கள்.

முன்முகம் நன்றாக இருந்தது. இல்லை, மிக நன்றாக இருந்தது. விளக்குகள் மெல்லிசாக, பாதி மூடின கண் மாதிரி. ஒரு நிமிஷம் எனக்கு நிஜமாகவே சந்தோஷம் பொங்கியது. பிறகு வண்டி மெதுவாகச் சுழன்று பக்கவாட்டைக் காட்டியது. சந்தேகப்பட்டதே சரி. அந்தக் கோடு இல்லை. கூரை நேராகப் போய், பெரிய பின்கதவைத் தாண்டி, வேறு வழியில்லாமல் இறங்கியது.

குழு இரண்டாக உடைந்தது. முகத்துக்காக ஒரு கூட்டம் கும்பிட்டது, முதுகுக்காக ஒரு கூட்டம் தூற்றியது. மீன் நண்பர், "டிக்கி பெருசா கீது சார், ரெண்டு ஐஸ்பெட்டி வைக்கலாம்" என்று எழுதினார். எனக்கு அப்படி வந்த கோபத்தில் போனைக் கையில் எடுத்து அங்கேயே, கீரை ஆய்கிறவளுக்கு எதிரிலேயே, குரல் பதிவு போட்டேன். நான்கு நிமிஷம். வகுப்பு நடத்திப் பழகின குரல், நிறுத்தி நிதானமாகத்தான் பேசினேன். கடைசியில் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "இந்தப் பின்கதவை வடிவமைச்சவன் வாழ்க்கையில ஒரு அழகான பொருளைக்கூடத் தொட்டிருக்க மாட்டான். வீட்டுக் கதவுக்கும் கார் கதவுக்கும் வித்தியாசம் தெரியாதவன். அவனை மாட்டுக்கொட்டகைக்குக் கதவு மாட்ட அனுப்பணும்."

அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். அவள் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் பொரியலில் உப்பு இல்லை. அதையும் நான் சொன்னேன்.

குரல் பதிவுக்குப் புகழ் வந்தது. யார் யாரோ யார் யாருக்கோ தள்ளிவிட்டார்கள். வெள்ளி, சனி இரண்டு நாளும் நான் தரையில் நடக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியாருக்கு வேறு வழியாக அது வந்துசேர்ந்து, "இது உங்க குரல் மாதிரியே இருக்கே சார்" என்றார். பெருமையாகத் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை சாயந்திரம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனேன். அவள் ஏற்கனவே அங்கே இருந்தாள். வெயில் தாழ்ந்து, தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பக்கம் வானம் ஆரஞ்சாகியிருந்தது. போர்வையின் ஒரு முனையை அவள் பிடித்தாள், ஒரு முனையை நான் பிடித்தேன். மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"அந்தப் பின்கதவு என்னோடதுங்க."

"எந்தப் பின்கதவு?"

"நீங்க மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பின கதவு."

நான் சிரித்தேன். "நீ டிராக்டர்ல..."

"டிராக்டர் இல்ல. வண்டி வெளிய வர்ற வரைக்கும் வீட்டுல கூடச் சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருந்தாங்க. இப்போ சொல்லலாம்."

போர்வை பாதி மடிப்பில் நின்றுவிட்டது. இஞ்ச் டேப், துப்பட்டா, உப்பில்லாத பொரியல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன. ஒன்றரை வருஷமாக ஊரெல்லாம் தேடி, மங்கல் படத்துக்காக டீக்கடை டீக்கடையாக நான் அலைந்த காரை, என் வீட்டில் என் பக்கத்தில் படுத்துத் தூங்கினவள் தினமும் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கணக்கு வாத்தியார் என்று பெயர், எனக்கு ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டத் தெரியவில்லை.

"அந்த வாய்ஸ் மெசேஜ்..." என்றேன்.

"எங்க டீம் குரூப்புக்கும் வந்துது. பதினாலு பேரும் கேட்டோம். யாரோ ஒரு வாத்தியார் போலன்னு சொன்னாங்க. புதுசா சேர்ந்த பொண்ணு ஒண்ணு, அதுக்கு இதான் முதல் வேலை, பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்தது."

"நான்தான்னு..."

"சொல்லல."

அவ்வளவுதான். மீதிப் போர்வையை என் கையிலிருந்து வாங்கி அவளே மடித்தாள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. கீழே வந்து போனைத் திறந்து அந்தப் பதிவை அழிக்கப் பார்த்தேன். எல்லோரிடமிருந்தும் அழிக்கிற நேரம் தாண்டிவிட்டது என்று காட்டியது. என்னிடமிருந்து மட்டும் அழித்துக்கொள்ளலாமாம். அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

அந்த வாரம் முழுக்க வீட்டில் சண்டை இல்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எப்போதும்போல டப்பா கட்டினாள், பஸ் ஏறினாள், வந்தாள். நான்தான் அறைக்கு அறை நடந்தேன். தூக்கத்தில் அந்தச் சுழி வண்டி வந்தது. பனிக்குள்ளிருந்து வந்து என் முன்னால் நிற்கும். கதவைத் திறக்கப் போவேன், கைப்பிடி இருக்காது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை குழு முழுக்கக் குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டு ஷோரூமில் கூடி வண்டியை நேரில் பார்ப்பதாக ஏற்பாடு. குரல் பதிவு போட்ட புண்ணியத்தில், நான் என்ன சொல்கிறேனோ அதைப் படம்பிடித்துப் போடுவது என்றும் தீர்மானம் ஆகியிருந்தது. இங்கேதான் எனக்குச் சிக்கல். அந்தக் கூரை எனக்குப் பிடிக்கவில்லை. மனைவி செய்தது என்று தெரிந்த பிறகும் பிடிக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொன்னால் அது பொய், அவளுக்கும் அது பொய்யென்று தெரியும். இல்லை என்றால், இரண்டாவது தடவை, தெரிந்தே, அவள் மூன்று வருஷத்தைத் தூக்கி எறிந்த மாதிரி ஆகும். வயிற்றுவலி என்று போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

சனிக்கிழமை அவளே கேட்டாள். "நாளைக்கு நானும் வரட்டுமா?"

"நீயா? வண்டி பார்க்கவா?"

"நான் இன்னும் அதை ஸ்டிக்கர் இல்லாம நேர்ல பார்க்கல. எங்களுக்கெல்லாம் துண்டு துண்டாத்தான் காட்டுவாங்க." நகரப்போனவள் திரும்பி, "எனக்காக எதுவும் சொல்லாதீங்க. அது எனக்கு வேண்டாம்" என்றாள்.

ஆராதனை முடிந்து நேராகப் போனோம். முப்பது பேர் வந்திருந்தார்கள். கண்ணாடிச் சுவர்களுக்குள் ஏ.சி. குளிரில், கருநீல நிறத்தில், மேடைமேல் நின்றது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பெண் பார்க்க வந்தமாதிரி எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றினோம். முகத்துக்கு முன்னால் நின்றபோது மனசு லேசானது. படத்தைவிட நேரில் இன்னும் அழகு. பக்கவாட்டுக்கு வந்தேன். காற்றில் விரலால் அந்தப் பழைய கோட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். பதினோரு வருஷமாக வாசலில் இறங்கும்போதெல்லாம் முதலில் பார்த்த கோடு அது. இனிமேல் உலகத்தில் யாரும் அதைச் செய்யப்போவதில்லை.

மீன் நண்பர் போனை என் பக்கம் நீட்டினார். "சார் சொல்லட்டும்பா. சார், இன்னா சார், எப்டி?"

எல்லோரும் திரும்பினார்கள். என் மனைவி அந்தப் பக்கம், பின்கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. கைப்பிடியின் மேல் விரல்களை வைத்திருந்தாள். பிறகு அதை இழுத்துக் கதவைத் திறந்தாள்.

"ஏறுங்க" என்றாள் என்னிடம்.

"பின்னாலயா?"

"பின்னாலதான்."

எனக்கு உறைத்தது. பதினோரு வருஷத்தில் என் காரின் பின்சீட்டில் நான் ஒருதடவைகூட உட்கார்ந்ததில்லை. நான் மட்டுமல்ல, அந்த முப்பது பேரில் ஒருவரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். மாம்பாக்கம் டீக்கடையில் எத்தனை ஞாயிறு, எத்தனை கார், ஒருவர்கூடப் பின்கதவைத் திறந்து நான் பார்த்ததில்லை.

ஏறினேன். அவள் சுற்றிவந்து மறுபக்கம் ஏறினாள். இரண்டு கதவும் மூடின. வெளியே முப்பது பேர் பேசிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று தூரத்துக்குப் போய்விட்டது. நீலக் கண்ணாடிக்கு அப்பால் அவர்கள் வாய் மட்டும் அசைந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்கள் சத்தமில்லாமல் மிதந்து போயின. ஏறும்போது நான் குனியவே இல்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"சொல்லுங்க. இங்க யாருக்கும் கேக்காது" என்றாள்.

"கூரை பிடிக்கல" என்றேன். "அந்தக் கோடு போனது மனசுக்குக் கஷ்டமா இருக்கு. பொய் சொல்ல முடியல."

"எனக்கும்தான் பிடிக்கல."

திரும்பிப் பார்த்தேன்.

"ஆறு மாசம் அந்தக் கோட்டைக் காப்பாத்தப் பார்த்தோம். சீட்டை இறக்கிப் பார்த்தோம், பின்னால தள்ளிப் பார்த்தோம். கதவு இன்னும் நாலு விரல் உயரணும்னா கோடு போயாகணும். கடைசி மீட்டிங்ல எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. போகட்டும்னு சொன்னது நான்தான். அன்னைக்கு வீட்டுக்கு வந்து கீழ நம்ம வண்டியைப் பார்த்துக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னேன்."

"அப்புறம் ஏன்?"

அவள் கதவின் மேல் சட்டத்தை உள்பக்கமாக விரலால் தடவினாள். "பாப்பாவுக்கு மூணு வயசு. நல்ல காய்ச்சல். தாம்பரத்துல டாக்டரைப் பார்த்துட்டுக் கிளம்பினோம். என் தோள்லயே தூங்கிட்டா. தூக்கிக்கிட்டே பின்னால ஏறினேன். நான் குனிஞ்சது போதல. அவ தலை மேல டங்குன்னு இடிச்சுது."

எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"அழுதாளா?"

"வீடு வரைக்கும். காய்ச்சல்ல அழறான்னு நீங்க நினைச்சீங்க. சமாதானப்படுத்தறேன்னு சொல்லி பைபாஸ்ல வேகமா ஓட்டிக் காட்டினீங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"வண்டி வாங்கி ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துது. அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. எப்படிச் சொல்றது?" வெளியே பார்த்தபடியே பேசினாள். "மேல வந்து பார்த்தா நெத்தி புடைச்சிருந்துது. ஐஸ் வெச்சேன். நடு ஹால்ல அவளை மடியில போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்."

"நான் எங்க இருந்தேன்?"

அவள் யோசித்தாள். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே ஞாபகப்படுத்திப் பார்த்துத்தான் சொன்னாள்.

"கீழ. காருக்குக் கவர் போட்டுட்டு இருந்தீங்க."

யாரோ முன்கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டி, "சார், முன்னால வாங்க சார், ஸ்டீயரிங்கப் பிடிச்சுப் பாருங்க" என்றார்கள். நான் வரவில்லை என்று கையைக் காட்டினேன். கதவை மூடிவிட்டுப் போகச் சொன்னேன்.